மழைக் கணக்கைத் தானாக மூட வைத்த கதை

தர்ஷினிக்கும் பிரதீபனுக்கும்,

போன மாதம் நீங்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்திருந்தபோது தர்ஷினி லெப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டே ஆபீஸ் வேலை செய்தாள். ஒரே ஷீட்டில் அவளும் கொழும்பில் இருக்கும் இன்னும் நாலு பேரும் ஒரே நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எழுதுவது மற்றவர் கண்ணுக்கு முன்னாலேயே விழுகிறது. மூடவும் வேண்டாம், சேமிக்கவும் வேண்டாமாம். நான் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "நாங்கல்லாம் ஷீட்ட மூட வைக்கிறதுக்கே ஒரு ப்ரோகிராம் எழுதுனோம்" என்றேன். "மூடுறதுக்கு என்னாத்துக்குப்பா ப்ரோகிராம்? மேல இருக்கிற பெருக்கல் குறிய அமுக்குனா போதாதா?" என்று தர்ஷினி சிரித்தாள். பிரதீபனும் சேர்ந்து சிரித்தான். அன்றைக்கு உங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதனால் பதிலை எழுதி அனுப்புகிறேன்.

நான் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் படித்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். நமுனுகுல மலைக்குக் கீழே இருந்த தோட்டத்தில் சின்னக் கிளாக்கராகச் சேர்ந்தேன். சனிக்கிழமைகளில் பதுளை டவுனுக்குப் பஸ் ஏறிப் போய் கம்பியூட்டர் வகுப்பில் உட்கார்ந்தேன். வகுப்பில் எட்டுப் பேருக்கு இரண்டு பெட்டி. ஒருவன் தட்டுவான், மற்றவர்கள் அவன் தோளுக்கு மேலால் பார்த்துப் படிப்போம். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் தோட்டத்து ஆபீசுக்கும் கம்பியூட்டர் வந்தது. முதலில் ஒன்று, பிறகு மூன்று. மூன்றையும் ஒரு வயரால் இணைத்தார்கள். ஒன்று என் மேசையில், ஒன்று உதவி மேனேஜரான சின்னத்துரையின் அறையில், ஒன்று பெரிய கிளாக்கர் ஐயாவின் அறையில்.

பெரிய கிளாக்கர் சிவபாதம் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்து, வேலைக்காக ஊவா மாகாணத்துக்கு வந்து, இங்கேயே நரைத்தவர். கீபோர்டைத் தொடுவதற்கு முன்னால் கை கழுவுவார். கழுவிய கையை வேட்டியில் துடைக்க மாட்டார், காற்றில் உதறிக் காயவைப்பார். அது காயும் வரைக்கும் நாங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் வராது. கோபித்துப் பேசி நான் கேட்டதில்லை. தவறு செய்தால் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "தம்பி, இதை நீர் எழுதினீரோ, இல்லாட்டி பேனை எழுதிச்சுதோ?" என்று கேட்பார். அவ்வளவுதான். அன்றைக்குச் சோறு இறங்காது.

அவருடைய ஆபீசில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும் பெரிய புத்தகத்தை விட்டு எழுந்து போனால், புத்தகத்தை விரித்தபடியே வைத்து, குறுக்கே கோடு போடும் அடிமட்டத்தை வைத்துவிட்டுப் போவார். 'வேலை முடியவில்லை, திரும்பி வருவேன்' என்பது அதன் பொருள். அடிமட்டம் கிடக்கும் புத்தகத்தை மற்றவர்கள் மூடக் கூடாது. துரை வந்தாலும் மூட மாட்டார். அடுத்தவன் புத்தகத்தை மூடினால், 'உன் வேலை போதும், எழுந்து போ' என்று சொல்வது போல.

கம்பியூட்டர் வந்த பிறகு எல்லோரும் இதையே அதிலும் செய்தோம். ஷீட்டைத் திறந்தபடி விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவோம், சாப்பிடப் போவோம், ஃபெக்டரிக்குப் போவோம். அப்படி விட்டால் மற்ற மேசையில் இருப்பவன் அதைப் பார்க்கத்தான் முடியும், எழுத முடியாது. 'வேறு ஒருவர் திறந்து வைத்திருக்கிறார்' என்று பெட்டி சொல்லிவிடும். புத்தகமாக இருந்தால் எழுந்து போய் ஓரத்தில் பென்சிலால் குறிக்கலாம். இதற்கு ஓரம் கிடையாது.

மற்ற ஷீட்டுகள் காத்திருக்கும். மழை ஷீட் காத்திருக்காது. ஆபீசுக்கு முன்னால் புல்தரையில் பாதி புதைத்த செப்புப் பாத்திரம் ஒன்று இருந்தது. அதில் விழும் மழையைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி அளப்போம். சாதாரண நாளில் காலையில் ஒரு தடவை. அடைமழையில் மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. அளவை ஷீட்டில் போட்டால் மொத்தம் மேலே ஒரு கட்டத்தில் வரும். ஒரு குறியைத் தாண்டினால் அந்தக் கட்டம் சிவக்கும். சிவந்தால் ஃபெக்டரிச் சங்கை ஊத வேண்டும். மலைச்சரிவுக்கு நேர் கீழே வரிசை வீடுகளாக இருந்த பணிய லயத்துச் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேலே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும். சிவந்த பிறகு யாரும் யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பது பெரிய கிளாக்கர் ஐயாவே போட்ட ஒழுங்கு.

ஒரு மழை நாளில் ஐயா அந்த ஷீட்டைத் திறந்தபடி விட்டு, தன் அறையையும் பூட்டிக்கொண்டு பதுளைக்குப் போய்விட்டார். நான் அளவைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன். அன்றைக்கு மழை விட்டதால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை: ஆள் இல்லை என்பதை அந்த ஷீட்டுக்கு எப்படித் தெரியப்படுத்துவது?

வகுப்பு மாஸ்டரிடம் கேட்டேன். "மேக்ரோ எழுதிப் பாரு" என்றார். செய்ய வேண்டியதை வரிவரியாக எழுதி ஷீட்டுக்குள் வைத்துவிட்டால், அந்த வரிசைப்படி அது தானாகச் செய்யும். அதுதான் மேக்ரோ. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தோடு மல்லுக்கட்டினேன். எனக்கு வேண்டியது இவ்வளவுதான். ஷீட்டைத் திறந்ததும் கால் மணித்தியாலத்துக்கு ஒரு கடிகாரம் ஓட வேண்டும். ஏதாவது ஒரு கட்டத்தில் எழுத்து விழுந்தால் கடிகாரம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கால் மணித்தியாலம் ஒன்றும் விழாவிட்டால் ஆள் போய்விட்டார் என்று எடுத்துக்கொண்டு தானாக மூடிவிட வேண்டும்.

எழுதி முடித்ததும் ஐயாவிடம் அனுமதி கேட்கப் போனேன். அவர் கையை உதறிக்கொண்டே கேட்டார்.

"அப்ப, நீர் என்ர புத்தகத்தை மூடப்போறீர்?"

"நான் இல்லீங்க ஐயா. அது தானா மூடிக்கும்."

"தானா மூடட்டும். மூடச் சொன்னது ஆர்?"

அவருடைய கை காய்ந்தது.

"சரி. மழைக் கணக்குக்கு மட்டும் செய்யும். ஆனா ஒண்டு. ஒருத்தர் எழுதினதை அழிச்சுப் போட்டு மூடக் கூடாது. பாதியில விட்டிருந்தாலும் அது அவற்ற எழுத்து. சேமிச்சுப் போட்டுத்தான் மூடவேணும்."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. 'சேமித்து மூடு' என்று எழுதினேன்.

அடுத்த வாரமே ஒரு கூத்து. எங்கள் ஆபீஸ் தபால்காரர் முத்தையாண்ணன் ஓடி வந்தார். "கிளாக்கர் ஐயா, பெரியவரு பெட்டிக்குள்ள முனி பூந்திருச்சு! அவரு மூடுறாரு, அது தெறக்குது!"

போய்ப் பார்த்தால் உண்மைதான். ஐயா மழை ஷீட்டை மூடிவிட்டு வேறு ஷீட்டில் எழுதிக்கொண்டிருந்தார். கால் மணித்தியாலத்தில் மழை ஷீட் தன்பாட்டுக்குத் திறந்துகொண்டு முன்னால் வந்து நின்றதாம்.

"தம்பி, மூட வைக்கிறன் எண்டு சொல்லிப்போட்டு நீர் திறக்க வச்சிருக்கிறீர்."

"ஒரு தேங்கா ஒடைச்சா சரியாயிரும்ங்க" என்றார் முத்தையாண்ணன்.

"முதல்ல உம்மட தலையில உடைச்சுப் பார்ப்பம்" என்றார் ஐயா.

இரண்டு நாள் அதோடு கிடந்தேன். காரணம் இதுதான். கடிகாரத்துக்கு 'இத்தனை மணிக்கு வந்து மூடு' என்று சொல்லி வைத்திருந்தேன். ஆள் அதற்கு முன்பே மூடிவிட்டாலும் சொன்ன சொல் அப்படியே நிற்கிறது. நேரம் வந்ததும் மூடுவதற்கு ஷீட் வேண்டுமே! அதற்காக அதைத் திறந்துவிடுகிறது. மூடுவதற்காகத் திறக்கிற ஒரு சாமானை நான் அதற்கு முன் கண்டதே இல்லை. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஷீட் மூடப்படும்போது சொல்லி வைத்ததை ரத்துச் செய்யும்படி ஒரு வரி சேர்த்தேன். முனி போய்விட்டது.

இன்னொன்றும் கண்டேன். யாராவது ஒரு கட்டத்துக்குள் பாதி எழுதிவிட்டு, கோடு கண்சிமிட்டிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போனால் மேக்ரோ ஓடாது. அந்தக் கட்டத்தை விட்டு வெளியே வரும்வரை காத்துக்கொண்டே இருக்கும். எழுதுகிற கையை அது பறிக்காது. இதற்கு மட்டும் வழி கண்டுபிடிக்க முடியவில்லை. எண்ணைப் போட்டால் எண்டரை அமுக்கிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தேன்.

சில மாதம் ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடியது. பிறகு ஒரு மார்கழியில் அந்த மழை பிடித்தது.

இரண்டு நாளாக நமுனுகுல கண்ணுக்கே தெரியவில்லை. பகல் பன்னிரண்டு மணி அளவை நானே எடுத்து ஷீட்டில் போட்டு மூடிவிட்டு, சாப்பிட வீட்டுக்குப் போனேன். குறிக்கு இன்னும் இடம் இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சங்கு ஊதியது. உங்கள் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "இப்பத்தான பாத்துட்டு வந்தேன், சிவக்கலையே" என்று சொல்லிக்கொண்டே கையைக் கழுவிவிட்டு ஓடினேன்.

ஆபீசில் ஐயா நின்றுகொண்டிருந்தார். ஷீட்டைத் திறந்து பார்த்துச் சங்கை ஊதச் சொன்னது அவர்தான். மொத்தக் கட்டம் சிவந்துதான் இருந்தது. நான் ஷீட்டைக் கீழே இறக்கி வரிசைகளைப் பார்த்தேன். ஆறு மணி அளவு, ஒன்பது மணி அளவு, நான் போட்ட பன்னிரண்டு மணி அளவு. அதற்குக் கீழே மூன்று மணி அளவும் இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் இரண்டுகூட ஆகவில்லை.

"ஐயா, இது இன்னும் பெய்யாத மழைங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். அந்த நேரத்தில் சின்னத்துரை மழைக்கோட்டில் சேறு வழிய உள்ளே வந்தார். சிங்களவர், இளம் வயது, எங்களோடு தமிழில்தான் பேசப் பார்ப்பார்.

"ஏன் சங்கு ஊதினது?"

ஐயா திரையைக் காட்டினார். சின்னத்துரை தலையில் கை வைத்தார். "ஐயோ, அது நான் போட்டது. சும்மா பாக்கிறதுக்கு. மூணு மணிக்கு இவ்வளவு வந்தா சிவப்பு வருமா எண்டு. பிறகு மதகு அடைச்சிட்டது எண்டு முத்தையா கூப்பிட்டான், நான் ஓடினது. சேவ் பண்ண இல்ல!"

அவர் சேமிக்கவில்லைதான். என்னுடைய மேக்ரோ சேமித்தது. கால் மணித்தியாலம் காத்திருந்து, ஆள் இல்லை என்று கண்டு, அவர் எழுதியதை மரியாதையாகச் சேமித்துவிட்டு மூடியிருக்கிறது. போட்டுப் பார்ப்பது எது, பதிவது எது என்று அதற்கு என்ன தெரியும்?

பணிய லயத்துச் சனம் அதற்குள் பாதிப் படி ஏறிவிட்டது. உரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பெண்கள், அவர்கள் இடுப்பில் பிள்ளைகள், ஒரு கிழவர் கையில் ரேடியோ. நாங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். வழியில் நான், "ஐயா, வந்தது வந்துட்டாங்க. அப்படியே இருக்கட்டுமேங்க. ஏன் சொல்லணும்?" என்று கேட்டேன். ஐயா குடையைச் சாய்த்து என்னைப் பார்த்தார். பிறகு முன்னால் நடந்தார்.

பள்ளிக்கூட விறாந்தையில் நின்று அவரே பேசினார். "கணக்கு பிழைச்சுப் போச்சு. அந்தளவு மழை இன்னும் பெய்யேல்லை. பெய்யாத மழையையும் சேர்த்துப் பார்த்து உங்களைக் கூப்பிட்டுப் போட்டம்."

பெண்கள் தலையிலிருந்த சாக்கை எடுத்து உதறினார்கள். பிறகு ஒரு பெண், "பெய்யாத மழைக்கா பச்சப்புள்ளய நனைய வச்சோம்?" என்றாள். இன்னொருத்தி, "சோறு பாதி வெந்து கெடக்கு. அதயும் ஒங்க கம்பியூட்டருலயே வேக வச்சுக் குடுங்க" என்றாள். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

லயத்துத் தலைவர் ராமையா சிரிக்கவில்லை. முன்னால் வந்து கேட்டார். "ஐயா, ஒண்ணு கேக்குறேன். இன்னிக்கு ராவைக்குள்ள இன்னொரு வாட்டி சங்கு ஊதினா நாங்க ஏறி வரணுமா, இல்ல இந்தா சிரிக்கிறாங்களே, அந்த மாதிரி சிரிச்சுட்டுப் படுத்துக்கணுமா?"

பிள்ளைகளே, அதுதான் கேள்வி. மழை இன்னும் விடவில்லை. சரிவு எங்கே போய்விடும்? சங்கை நம்பி வராத சனத்துக்கு அடுத்த சங்கு எதற்கு?

ஐயா யோசித்துவிட்டுச் சொன்னார். "மூண்டு மணிக்கு நீங்களே வந்து அளந்து பாருங்கோ. இனி நாங்கள் சொல்லத் தேவையில்லை."

மூன்று மணிக்கு ராமையா வந்தார். குவளையை ஐயா அவர் கையிலேயே கொடுத்தார். எந்தக் கோட்டில் கண்ணை வைக்க வேண்டும், தண்ணீர் ஓரத்தில் ஏறி நிற்பதைப் பார்க்காமல் நடுவில் எப்படிப் பார்க்க வேண்டும் என்று மழையிலேயே முழங்காலிட்டுக் காட்டினார். ராமையா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். குறிக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. அவர் போய்ச் சொல்ல, முக்கால்வாசிப் பேர் வீட்டுக்கு இறங்கிவிட்டார்கள். எங்களால் தடுக்கவும் முடியவில்லை, தடுக்கிற வாயும் எங்களுக்கு இல்லை.

பிறகுதான் மழை வலுத்தது. ஆறு மணிக்கு முன்பே ராமையா தன்பாட்டில் வந்து புல்தரையில் நின்றார். நான் பாத்திரத்தைத் தூக்கி ஊற்றினேன். அவர் பார்த்தார். ஷீட்டில் போடும்வரைகூடக் காத்திருக்கவில்லை.

"ஊதச் சொல்லுங்க. நான் கீழ போறேன்."

நானும் அவரோடு ஓடினேன். சங்கு ஊதியது. லயத்தில் ஒரு கதவும் திறக்கவில்லை. ஒரு காம்பரா அறையிலிருந்து, "இது நாளைக்குப் பெய்யப் போற மழையாடா?" என்று குரல் வந்தது. உள்ளே சிரித்தார்கள். ராமையா வாசல் வாசலாகப் போய்க் கதவைத் தட்டினார். கடைசிக் காம்பராவில் செல்லம்மாக்கா வெளியே வர மாட்டேன் என்றார். மருமகள் பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு பாயில் கிடந்தாள்.

"மத்தியானம் ஏறுனதுக்கே இவளுக்குக் குளிரெடுத்துருச்சு. பெட்டி சொல்லுதுன்னு நான் இனிமே அசைய மாட்டேன்."

"பெட்டி சொல்லலக்கா. நான் என் கண்ணால பாத்தேன். குனிஞ்சு பாத்தேன். நான் சொல்றேன், எந்திரி."

செல்லம்மாக்கா அவர் முகத்தையே பார்த்தார். பிறகு மருமகளை எழுப்பிவிட்டுப் பாயைச் சுருட்டினார். பிள்ளையை ராமையா தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். தாயை நானும் அக்காவும் தாங்கிக்கொண்டோம்.

விடியக்காலையில் போய்ப் பார்த்தோம். பணிய லயத்துக் கடைசி மூன்று காம்பராக்களின் பின்சுவரை உடைத்துக்கொண்டு மண் அடுப்பு வரைக்கும் வந்து நின்றது. உள்ளே இருந்தது ஒரு கோழிக்கூடு மட்டும்தான்.

இதை எழுதும்போது எனக்கே ஒரு சந்தேகம் வருகிறது. அந்தப் பொய் அளவு இல்லாவிட்டால் ராமையா புல்தரைக்கு வந்திருக்க மாட்டார். அவர் வராவிட்டால் செல்லம்மாக்கா எழுந்திருப்பாரா? தெரியாது. ஆனால் அதற்காக அந்த மேக்ரோவை அப்படியே விட முடியாது. ஒரு தடவை தப்பியதை வழக்கமாக வைத்துக்கொள்ள முடியுமா?

சனம் பள்ளிக்கூடத்தில் இருந்த நாட்களிலேயே மாற்றி எழுத உட்கார்ந்தேன். சேமித்து மூடினால் போட்டுப் பார்த்தது உண்மையாகிவிடுகிறது. சேமிக்காமல் மூடினால் உண்மையாக எழுதியவருடைய வேலை அழிந்துவிடுகிறது. இரண்டும் ஆகாது. கடைசியில் பிடிபட்டது. மூடுவதற்கு முன்னால் அப்போது இருக்கிறபடியே ஒரு பிரதி எடுத்து, திறந்தவரின் பெயரும் நேரமும் போட்டு கம்பியூட்டருக்குள்ளேயே வேறொரு இடத்தில் வைத்துவிட வேண்டும். பிறகு, அசல் ஷீட்டைச் சேமிக்காமல் மூட வேண்டும். அவர் திரும்பி வந்து பிரதியைப் பார்த்து, 'இது மெய், இது சும்மா' என்று தானே தீர்மானிக்கட்டும். மேக்ரோ தீர்மானிக்க வேண்டியதில்லை. நேரம் வராத வரிசையில் எண்ணைப் போட்டால் ஏற்காதபடி இன்னொரு வரியும் சேர்த்தேன். சின்னத்துரை, "எனக்குப் போட்டுப் பாக்க ஒரு ஷீட் வேற தா" என்று கேட்டார். அதையும் செய்து கொடுத்தேன். அதில் அவர் எவ்வளவு மழை வேண்டுமானாலும் பெய்ய வைக்கலாம்.

பெரிய கிளாக்கர் ஐயாவிடம் விளக்கினேன். முழுக்கக் கேட்டார். "அப்ப, புத்தகத்தை மூடிப்போட்டு, பாதி எழுதின தாளை அவற்ற மேசை லாச்சிக்குள்ள வைக்குது?"

"ஆமாங்க ஐயா."

"அது மரியாதையான வேலை" என்றார். ஏழு வருடம் அவருக்குக் கீழே வேலை செய்தேன். என்னைப் பற்றி இல்லாவிட்டாலும் என் வேலையைப் பற்றி அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான். அதன் பிறகு மழைக்காலங்களில் அளவு எடுக்கும் நேரத்தில் லயத்திலிருந்து யாராவது ஒருவர் வந்து நிற்பது பழக்கமாகிவிட்டது. நாங்கள் கூப்பிடவில்லை. அவர்களே முறை வைத்துக்கொண்டார்கள்.

மழை விட்ட பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக ஆபீசுக்குப் போனேன். உங்கள் அம்மாவிடம் சாவியை ஆபீசில் மறந்து வைத்துவிட்டேன் என்று சொன்னேன். மழை ஷீட்டைத் திறந்து அன்றைய காலை அளவில் பூச்சியம் என்று போட்டு எண்டரை அமுக்கினேன். வெளியே வெயில்தானே. பிறகு இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கால் மணித்தியாலம் அவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஷீட் மூடிக்கொண்டது. பிரதி வைக்கும் அந்த மற்ற இடத்தைத் திறந்து பார்த்தேன். என் பெயரில் ஒரு பிரதி இருந்தது, அதில் என் பூச்சியமும் இருந்தது. அசலைத் திறந்தேன். அந்த வரிசை வெறுமையாக இருந்தது.

கதவைச் சாத்திவிட்டுப் புல்தரைக்குப் போய் முழங்காலிட்டு, செப்புப் பாத்திரத்தைத் தூக்கிக் குவளையில் கவிழ்த்தேன். ஒரு சொட்டும் விழவில்லை. உள்ளே விரலை விட்டுத் தடவியும் பார்த்தேன். காய்ந்திருந்தது. அப்புறம்தான் திரும்பி வந்து பூச்சியத்தை எழுதினேன்.

அப்பா